விரிசலில் ஆங்கரை இழுத்துப் பார்த்தோம்: ஓசி டெஸ்டும் காசு கொடுத்த டெஸ்டும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகளுக்குத் தீயணைப்புக் குழாய் போடும் வேலை எங்களுடையது. சீலிங்கில் டிரில் போட்டு, ஆங்கர் (ஓட்டைக்குள் கான்கிரீட்டைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்) அடித்து, ராட் தொங்கவிட்டு, அதில் கிளாம்ப் மாட்டிக் குழாயை ஏற்றுவோம். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. இத்தனை வருடத்தில் ஆங்கர் வாங்கிய கடைக்காரரே வந்து செய்து தரும் இலவச 'புல்-அவுட் டெஸ்ட்'டைத்தான் (ஆங்கரை இழுத்துப் பார்க்கும் சோதனை) நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் முதல்முறையாகக் காசு கொடுத்து ஒரு சோதனைக் கூடத்தில், விரிசல் விட்ட கான்கிரீட்டில் ஆங்கர்களை இழுத்துப் பார்த்தேன். இந்த ரிவ்யூ அந்தச் சேவைக்கானது. கூடத்தின் பெயரையும் ஆங்கர் கம்பெனிகளின் பெயரையும் போடவில்லை. காரணம் படிக்கும்போது புரியும்.

முதலில் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கோடவுனில் 150 மி.மீ. மெயின் லைன் போட்டோம். ஓசி டெஸ்ட் எல்லாம் பாஸ். குழாயில் தண்ணீர் நிரப்பி, ஃபயர் பம்பை ஸ்டார்ட் செய்த மூன்றாவது தடவை லைன் ஒரு உதறு உதறியது. மேலே ஏறிப் பார்த்தால், அடுத்தடுத்த இரண்டு ஆங்கர்கள் ஓட்டையை விட்டு ஒரு விரல் அகலத்துக்கு வெளியே வந்து நிற்கின்றன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குழாய் மட்டும் வயிறு தொங்கியது. டார்ச் அடித்துப் பார்த்த எங்கள் டிரில் மேஸ்திரி, "சார், ரெண்டு ஓட்டை வழியாவும் ஒரே கோடு ஓடுது பாருங்க" என்றார். தலைமுடி மாதிரி ஒரு விரிசல், ஸ்லாபின் அடியில், ஆங்கரிலிருந்து ஆங்கருக்கு ரூல் போட்ட மாதிரி.

பில்டரிடம் சண்டைக்குப் போனேன். "உங்க ஸ்லாப் கிராக் சார்." அவருடைய ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் அட்டை மாதிரி ஒரு கேஜை விரிசல் மேல் வைத்து, "0.2 இருக்கு. ஐஎஸ் 456-ல 0.3 வரைக்கும் அனுமதி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் சொன்னது சரிதான். சாதாரணச் சூழலில் இருக்கும் ஆர்சிசி-க்கு 0.3 மி.மீ. அகலம் வரை விரிசலை நம் நாட்டுக் கான்கிரீட் விதியான அந்த ஐஎஸ் 456-ஏ ஏற்றுக்கொள்கிறது. கான்கிரீட்டுக்கு இழுவை தாங்காது. அது கொஞ்சம் விரிந்த பிறகுதான் உள்ளே இருக்கும் கம்பி வேலை செய்யவே ஆரம்பிக்கிறது. ஸ்லாப் நடுவில் கீழ்ப்பக்கம்தான் இழுபடும் பக்கம். நாங்கள் ஆங்கர் அடிப்பதும் அதே பக்கம். விரிசல் வரக்கூடிய இடமாகப் பார்த்துப் பார்த்து பத்தொன்பது வருடம் ஓட்டை போட்டிருக்கிறோம்!

ஓசி டெஸ்ட் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு: ஒரு பையன் பைக்கில் வருவான். பெட்டியில் சின்ன ஹைட்ராலிக் ஜாக், கைப்பம்பு, ஒரு கேஜ். கை எட்டும் உயரத்தில் ஏதாவது தூணிலோ சுவரிலோ மூன்று ஆங்கர் அடிக்கச் சொல்வான். ஜாக்கின் கால்கள் ஆங்கரை ஒட்டியே உட்காரும். பம்பை அடித்து 10 கிலோநியூட்டன் காட்டியதும், அதாவது ஏறக்குறைய ஒரு டன், போட்டோ எடுத்து, சீல் வைத்து, டீ குடித்துவிட்டுக் கிளம்புவான். இதில் எத்தனை கோளாறு என்று இப்போதுதான் உறைக்கிறது. தூண் எப்போதும் அமுங்கிக்கொண்டே இருக்கும் உறுப்பு. அங்கே விரிசலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜாக்கின் கால் ஆங்கருக்குப் பக்கத்திலேயே அழுத்திக்கொண்டிருந்தால் கான்கிரீட் கூம்பாகப் பெயர்ந்து வரவே வழியில்லை. அந்தக் கால்களே அதை அமுக்கிப் பிடித்துவிடும். சரியாக அடித்தானா, ஓட்டை பெரிதாகிவிட்டதா என்பது மாதிரி விஷயங்களுக்கு அந்த டெஸ்ட் உதவும். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் விரிசல் வந்தால் ஆங்கர் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதில் பதிலே கிடையாது. எங்களிடம் வந்த கேஜில் கேலிபிரேஷன் ஸ்டிக்கர் காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது என்பது தனிக்கதை.

சரி, சோதனைக் கூடத்துக்கு வருவோம்.

போன் செய்து கேட்டபோது மூன்று வாரம் கழித்துத்தான் ஸ்லாட் கிடைத்தது. கட்டணம், நான் வாங்கிய ஆங்கர் பில்லில் பாதிக்கு மேல். கேட்டதும் வயிறு எரிந்தது. ஆனால் ஒரு நல்ல விஷயம், "உங்க டிரில், உங்க பிட், உங்க ஆளு, எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அதனால் மேஸ்திரியோடு போனேன். இரண்டு விதமான 12 எம்.எம். த்ரூ-போல்ட் (முறுக்கினால் நுனி விரிந்து கவ்வும் ஆங்கர்) எடுத்துப் போனோம். ஒன்று பாரிமுனையில் கிலோ கணக்கில் கிடைக்கிற சரக்கு, அதை 'மலிவு' என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று ஐரோப்பிய அப்ரூவல் உள்ளது. அந்த அப்ரூவல்களில் 'ஆப்ஷன் 1' என்று போட்டிருந்தால் விரிசல் உள்ள கான்கிரீட், இல்லாதது இரண்டுக்கும் ஆகும். 'ஆப்ஷன் 7' என்றால் விரிசல் இல்லாததற்கு மட்டும். நாங்கள் எடுத்துப் போனது ஆப்ஷன் 1. விலை, மலிவைப் போல் மூன்று மடங்கு. மலிவு டப்பாவில் ஆப்ஷனும் கிடையாது, ஒன்றும் கிடையாது, ஒரு புலிப் படம்தான் இருந்தது.

கூடத்தில் ஒரு கனமான கான்கிரீட் பாளம் கிடத்தியிருந்தார்கள். அதன் குறுக்கே வரிசையாகக் குழாய்கள் பதித்திருக்கின்றன. அந்தக் குழாய்களில் இரும்பு ஆப்புகளை இறக்கிச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டத் தட்டப் பாளம் அந்த வரிசையிலேயே பிளக்கிறது. உள்ளே ஓடும் கம்பிகள் அதை முழுவதும் பிரிந்துபோகாமல் பிடித்துக்கொள்கின்றன. விறகு பிளக்கிற அதே தத்துவம்தான், ஆனால் நகை ஆசாரி மாதிரி நிதானமாகத் தட்டுகிறார்கள். முதலில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மயிரிழை. மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துடைத்தார் டெக்னீஷியன். தளம் காய்ந்தது, விரிசல் மட்டும் ஈரத்தைக் குடித்துக் கறுப்புக் கோடாக நின்றது.

அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டை போடச் சொன்னார்கள். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், தெரிஞ்சே விரிசல்ல போய்ப் போடணும்? நாலு விரல் தள்ளிப் போட்டா முடிஞ்சது."

டெக்னீஷியன் பெண், சின்ன வயதுதான், சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, நீங்க சைட்டுல போடுறப்ப விரிசல் இருக்காது. நீங்க போய் ஆறு மாசம் கழிச்சு, மேல லோடு ஏறினதும் வரும். வர்றப்ப எங்க ஓட்டை இருக்கோ அங்கதான் தேடி வரும். ஓட்டை போட்ட இடம்தானே பலவீனம்?"

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. டிரில்லை எடுத்தார்.

ஓட்டை போட்டதும் அதற்குள் ஒரு சின்னக் கேமராவை விட்டு, விரிசல் ஓட்டையின் அடி வரைக்கும் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். முதல் ஓட்டையில் பாதி ஆழத்தில் விரிசல் ஒதுங்கி வேறு பக்கம் போயிருந்தது. அந்த ஓட்டையைக் கழித்துவிட்டார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை. எனக்கு இங்கேதான் நம்பிக்கை வந்தது. நானாக இருந்தால் மேலே கோடு தெரிகிறதே என்று இழுத்துவிட்டிருப்பேன்.

அப்புறம் டார்க் ரெஞ்சால் 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு. பத்து நிமிடம் காத்திருந்து, அதைப் பாதியாகத் தளர்த்தினார்கள். ஏன் என்று கேட்டேன். முறுக்கிய போல்ட்டின் பிடி நாளாக நாளாகத் தானே தளரும். புதுசாக முறுக்கியதை அப்படியே இழுத்தால் முதல் நாள் கதைதான் தெரியும். அதற்காகத்தானாம். எங்கள் சைட்டில் டார்க் ரெஞ்ச் பெட்டியை விட்டு வெளியே வருவதே கன்சல்டன்ட் வரும் நாளில்தான் என்பதை அங்கே சொல்லவில்லை.

ஆங்கர் உட்கார்ந்த பிறகு மறுபடியும் ஆப்புகளைத் தட்டி விரிசலை 0.3 மி.மீ. திறந்தார்கள். ஆங்கரின் இரு பக்கமும் அளவுமானி. 0.3 என்பது மூன்று ஜெராக்ஸ் பேப்பரை அடுக்கின கனம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இழுவை. இங்கே ஜாக்கின் கால்கள் ஆங்கரை விட்டு வெகுதூரம் தள்ளி அகலமாக உட்காருகின்றன. நடுவில் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு உடையலாம். ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வேகத்தில் மெதுவாக ஏற்றுகிறார்கள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் சுமையும் நகர்வும் கோடாக ஏறிக்கொண்டே வரும்.

விரிசல் இல்லாத பகுதியில் முதலில் மூன்று மூன்று இழுத்தோம். மலிவு 30, 31, 33 கிலோநியூட்டன். விலை அதிகமானது 32, 33, 34. மேஸ்திரி என்னைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே சார்?" எனக்கும் அதே எண்ணம்தான். மூன்று மடங்கு காசு எதற்கு?

விரிசலில் ஐந்து ஐந்து. விலை அதிகமானது முதலில். 25-க்கும் 29-க்கும் நடுவில் எல்லாமே. கடைசியில் ஒவ்வொன்றும் 'டொப்' என்ற சத்தத்தோடு கான்கிரீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்தது. பெயர்ந்த துண்டு டிபன் தட்டு அகலம், தலைகீழ்க் கூம்பு, நடுவே விரிசல் ஓடியதால் இரண்டு பாதியாக. விரிசல் இருந்தால் இந்தக் கூம்பின் பலம் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்காகும் என்பது கணக்கு. ஐரோப்பிய விதியில் ஃபார்முலாவின் முன்னால் நிற்கும் எண் விரிசல் இல்லாவிட்டால் 11, இருந்தால் 7.7. ஆங்கர் இறங்கிய 70 மி.மீ. ஆழத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டால், எம்30 தரக் கான்கிரீட்டில் 32 கிலோநியூட்டன் என்பது 22-க்குக் கொஞ்சம் மேலாகக் குறையும். அது டிசைனுக்காகக் குறைத்து வைத்த எண். உண்மையில் இழுத்தால் அதைவிடக் கூடத்தான் வர வேண்டும், வந்தது.

மலிவு ஆங்கரின் முறை. முதல் ஒன்று 13-ல் நின்றது. சத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கம்ப்யூட்டரில் கோடு மேலே ஏறாமல் படுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓட, ஆங்கர் வெண்ணெயில் இறங்கின கத்தியை உருவுகிற மாதிரி வழுக்கி வெளியே வந்தது. இரண்டாவது 9. மூன்றாவது 11. நான்காவது 6.8. ஐந்தாவது 5.1. கான்கிரீட்டில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை.

எங்கள் கணக்கு இதுதான். 150 மி.மீ. குழாய் தண்ணீரோடு மீட்டருக்கு 40 கிலோ. மூன்று மீட்டருக்கு ஒரு தொங்கல் என்றால் 120 கிலோ. தீயணைப்பு வேலைக்கு நாங்கள் பின்பற்றும் அமெரிக்க விதி என்எஃப்பிஏ 13, தண்ணீர் நிறைந்த குழாயின் எடையைப் போல் ஐந்து மடங்கும் அதற்கு மேல் 114 கிலோவும் தாங்க வேண்டும் என்கிறது. கூட்டினால் 714 கிலோ, அதாவது 7 கிலோநியூட்டன். ஐந்தில் இரண்டு அதற்குக் கீழே போய்விட்டது. சராசரி எடுத்தால் 9 வந்து, 'பாஸ்' மாதிரித் தெரியும். குழாய் சராசரியில் தொங்குவதில்லை, ஒவ்வொரு ஆங்கரிலும்தான் தொங்குகிறது. ஒன்று வழுக்கினால் அதன் பாரம் பக்கத்து இரண்டுக்கும் போகும்.

ஏன் இப்படி என்று கழற்றிப் பார்த்தோம். இந்த வகை ஆங்கரின் நுனியில் ஒரு கூம்பு, அதைச் சுற்றி ஒரு தகட்டு வளையம். முறுக்கும்போது கூம்பு மேலே ஏறி வளையத்தை விரிக்கும், அது ஓட்டைச் சுவரைக் கவ்வும். விரிசல் திறந்தால் ஓட்டை அந்த அளவுக்கு அகலமாகும், பிடி விடும். நல்ல ஆங்கரில் வளையம் சுவரோடு நிற்க, கூம்பு இன்னும் கொஞ்சம் உள்ளே இழுபட்டு வளையத்தை மறுபடி விரிக்கும். தானே மறுபிடி போட்டுக்கொள்ளும். மலிவில் கூம்பும் வளையமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டும் சேர்ந்தே வெளியே வந்துவிட்டன. கையில் வைத்து உருட்டிப் பார்த்தால், நல்லதின் கூம்பு வழவழப்பாக இருக்கிறது, மலிவில் முலாம் திப்பித் திப்பியாக. இவ்வளவுதான் வித்தியாசம். மூன்று மடங்கு காசு அந்த வழவழப்புக்குத்தான்.

பசை வைத்து ஒட்டும் கெமிக்கல் ஆங்கரும் இரண்டு போட்டுப் பார்த்தோம். மேஸ்திரி வழக்கமாக ஊதுகிற மாதிரி ஓட்டைத் தூசியை ஒரு ஊது ஊதியது ஒன்று, பிரஷ் போட்டு மாற்றி மாற்றி ஊதிச் சுத்தம் செய்தது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தைப் பார்த்து மேஸ்திரியே "இனிமே பிரஷ் வாங்கிக் குடுங்க சார்" என்றார். இரண்டே இரண்டு சாம்பிள் என்பதால் எண்ணைப் போடவில்லை. தவிர, கெமிக்கலுக்குச் சில நிமிட இழுவை போதாது. 2006-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் மேற்கூரைப் பலகைகள் காரின் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். அங்கே தோற்றது எப்பாக்சி ஆங்கர். தொடர்ந்து தொங்கும் பாரத்தில் பசை கொஞ்சம் கொஞ்சமாக இளகி நகர்ந்தது என்று விசாரணையில் முடிவானது. 2012-ல் ஜப்பானின் சசாகோ சுரங்கத்தில் கூரைப் பலகைகள் விழுந்து ஒன்பது பேர் செத்ததிலும் பசை ஆங்கர்தான். தலைக்கு மேல் நிரந்தரமாகத் தொங்கும் பாரத்துக்குக் கெமிக்கல் என்றால் நான் இப்போது இரண்டு தடவை யோசிக்கிறேன்.

இனி கூடத்தின் குறைகள். முழு அப்ரூவலுக்கான சோதனைகளில் விரிசலை 0.1-க்கும் 0.3-க்கும் நடுவே ஆயிரம் தடவை திறந்து மூடிப் பார்ப்பார்கள். ஸ்லாபில் லோடு ஏறி இறங்குவது மாதிரி. அந்த வசதி இங்கே இல்லை. ஆப்பைக் கையால் தட்டுகிற ஏற்பாட்டில் அது ஆகாத காரியம். நிலநடுக்கத்துக்கான 0.8 மி.மீ. விரிசல் சோதனையும் கிடையாது. நம் பக்கம் நிலநடுக்க அபாயம் மிதமானதுதான், அதனால் என் வேலைக்கு இப்போதைக்கு ஓடும். ஆஸ்பத்திரி, டேட்டா சென்டர் செய்கிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் வர பன்னிரண்டு நாள் ஆனது. நாற்பது பக்கம், பாதிக்கு மேல் கேலிபிரேஷன் சான்றிதழ். கோடுபோட்ட வரைபடங்கள் சின்னதாக, கறுப்பு வெள்ளையில். எது எந்த ஆங்கர் என்று பிரிக்கவே லென்ஸ் வேண்டும். கலரில் கேட்டதற்கு மெயிலில் அனுப்பினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. கட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, இது அவர்கள் குறையில்லை. ஐந்து சாம்பிள் பாஸ் ஆனதை வைத்து ஒரு ஆங்கருக்கு நீங்களே அப்ரூவல் கொடுத்துக்கொள்ள முடியாது. எது தேறாது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் போனேன். அதற்குக் கொடுத்த காசு தகும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஓசி டெஸ்டுக்கு இரண்டு, அதுவும் அந்தப் பையன் வெயிலில் பைக்கில் வந்ததற்காக.

மலிவு ஆங்கர் மிச்சம் இரண்டு பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். ரிப்போர்ட்டைக் காட்டினேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "விரிசல்ல யாருங்க ஆங்கர் அடிக்கிறா?" என்றார். பெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது அவை ஆபீஸில் கிடக்கின்றன. தரையில் கேபிள் ட்ரே ஸ்டாண்டு நிறுத்த ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டோம். சீலிங் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று மேஸ்திரியே பெட்டி மேல் சிவப்பு மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார்.